கூரை இடிபாட்டை அகற்றுதல்: ஏற்ற வண்டியையும் தொட்டியையும் தெரிவு செய்யும் முறை

பழுதுற்ற கூரையைப் பிரித்துப் புதுக்கூரை அமைக்கும் பணிக்கு மதிப்பீடு தயாரிக்கும்பொழுது, வரவேண்டிய பொருள்கள் யாவும் ஆணி வரையில் கணக்கிடப்பெறுகின்றன. போகவேண்டிய பொருள்களுக்கோ, "பழைய பொருள்களை அப்புறப்படுத்த" என்று ஒரு வரியும் அதற்கு எதிரே உத்தேசமான ஒரு தொகையும் எழுதப்பெறுவதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. இதன் விளைவைப் பல பள்ளி வளாகங்களிலும் சிற்றூர் அலுவலகங்களிலும் காணலாம். உடைந்த ஓடும், காரைக் கட்டியும், துருப்பிடித்த ஆணி நீட்டிய ரீப்பர் கட்டைகளும் சுவரோரம் குவிந்து, அடுத்த மழைக்காலம் வரையில் அங்கேயே கிடக்கின்றன. பாம்பும் தேளும் அதில் குடிபுகுகின்றன. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுகின்றனர். இறுதியில் ஒரு வண்டி வந்து அளவுக்கு மீறி ஏற்றிச் சென்று, அருகிலுள்ள ஏரியிலோ ஓடையிலோ கொட்டிவிட்டுப் போகின்றது.

கூரையிலிருந்து இறங்கும் பொருளின் அளவை முன்கூட்டியே அறிந்து, அதற்கு ஏற்ற வண்டியையோ தொட்டியையோ வாடகைக்கு அமர்த்தும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது. இதற்கு உயர்ந்த பொறியியல் அறிவு வேண்டுவதில்லை. அளவு நாடாவும், ஒரு வாளியும், ஒரு தராசும் போதும். உயர்நிலைப் பள்ளிக் கணக்கின் துணையும் சிறிது வேண்டும்.

பருமனும் எடையும்

தெரிவு செய்வோர் பொதுவாக ஒரே ஒரு வினாவை எழுப்புகின்றனர்: "இவ்வளவும் எத்தனை வண்டி கொள்ளும்?" இது பருமனைப் பற்றிய வினா. வண்டியின் அச்சும், சக்கரமும், சாலையும், சட்டமும் நோக்குவதோ எடையை. வைக்கோற்கூரையைப் பிரித்தால், பெட்டி நிறைந்தும் வண்டி சுமையை உணராது. சுண்ணாம்புத் தளத்தைக் கொத்தி எடுத்தால், பெட்டி பாதி நிறைவதற்கு முன்னரே வண்டி தன் எல்லையை எட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு கூரைக்கும் இரண்டு எண்களைக் காணவேண்டும்: இறங்கும் பொருளின் எடை டன்னில் எவ்வளவு, தளர்ந்த நிலையில் அதன் பருமன் கன மீட்டரில் எவ்வளவு. இவ்விரண்டில் எது முதலில் வண்டியின் எல்லையைத் தொடுகின்றதோ அதுவே தெரிவை முடிவு செய்யும்.

இடிபாட்டுத் தொட்டியை வாடகைக்கு விடும் தொழில் பெரிதும் வளர்ந்துள்ள அமெரிக்காவில் இவ்விதி வெளிப்படையாகவே காணப்படுகின்றது. டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்பார், தம் உடன்பிறந்தாருடன் நடத்திய நிறுவனத்தில், வண்டியினின்றும் பிரித்துத் தரையில் வைத்து நிரப்பிப் பின்னர் இயந்திரத்தால் தூக்கிச் செல்லத்தக்க இரும்புத் தொட்டியை 1930களில் உருவாக்கினார். அவர் பெயரும் கொட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து "டம்ப்ஸ்டர்" என்னும் சொல் பிறந்தது. பின்னாளில் அவர் அந்நகரின் மேயராகவும் விளங்கினார். அந்நாட்டு வீடுகளின் கூரை பெரும்பாலும் தார் தோய்த்துக் கல்மணி பதித்த அட்டைத் தகடுகளால் ஆனது. கூரை வேய்வோர் அங்கே நூறு சதுர அடியை "ஒரு சதுரம்" என்று கணக்கிடுகின்றனர். நம் கொத்தனார்களும் அதே அளவையே சதுரம் என்கின்றனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. எளிய வகைத் தகடு ஒரு சதுரத்திற்கு ஏறத்தாழ 100 முதல் 115 கிலோ வரை எடையுள்ளது. இருபது சதுரக் கூரையில் ஓர் அடுக்கு மட்டும் இருப்பின் 2 டன்னுக்குச் சற்று மேல். பழைய அடுக்கின்மேலேயே புதிய அடுக்கு வேயப்பட்டிருப்பின் 4 டன்னுக்கு மேல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கூரையாகத் தோன்றும். எனவே அனுபவமுள்ளோர் கூரையின் ஓரத்தைத் தூக்கி அடுக்குகளை எண்ணிய பின்னரே தொட்டிக்குச் சொல்லியனுப்புகின்றனர். வாடகை ஒப்பந்தத்திலும் தொட்டியின் கொள்ளளவோடு எடை வரம்பும் குறிக்கப்படுவது அங்கு வழக்கம். வரம்பை மீறினால் டன் ஒன்றுக்கு இவ்வளவு என மிகைக் கட்டணம் உண்டு. கனமான பொருளுக்குச் சிறிய தொட்டியே அளிக்கப்படும். பெரிய தொட்டியை நிரப்பிவிட்டால் அதைத் தூக்க இயலாது.

நம் நாட்டில் இத்தகைய தொட்டிகள் பெருநகரங்களில் மட்டுமே ஓரளவு கிடைக்கின்றன. ஏனைய இடங்களில் டிராக்டர் டிரெய்லரும் டிப்பர் லாரியுமே நமக்கு வாய்த்த கலங்கள். ஆயினும் கணக்கு ஒன்றே.

நம் கூரைகளின் எடை

எடுத்துக்காட்டாக இரண்டு வகுப்பறைகள் கொண்ட ஒரு பள்ளிக் கட்டடத்தைக் கொள்வோம். கூரையின் இறவாரம் உட்பட நீளம் 16 மீட்டர், அகலம் 7 மீட்டர். தரையில் விழும் நிழற்பரப்பு 112 சதுர மீட்டர்.

முதலில் இது மங்களூர் ஓடு வேய்ந்த சாய்கூரை என்க. சாய்வு 30 பாகை. சாய்கூரையின் உண்மைப் பரப்பு நிழற்பரப்பைவிட மிகுதி. 30 பாகைக்கு 112ஐ 0.866ஆல் வகுக்க, ஏறத்தாழ 129 சதுர மீட்டர் கிடைக்கும். பாகை தெரியாவிடில் கைமரத்தின் நீளத்தை அளந்து கட்டட நீளத்தால் பெருக்குவதே நேர்வழி. சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடுகள் வீதம் 1,940 ஓடுகள். ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோ வரை நிற்கும்; சராசரி இரண்டரைக் கிலோ எனக் கொண்டால் மொத்தம் 4.85 டன். கைமரமும் ரீப்பரும் இதில் சேரவில்லை. அவை பெரும்பாலும் மறுபயனுக்கோ விற்பனைக்கோ தனியே போகும்.

இக்கூரையில் ஒரு வாய்ப்பும் உண்டு. பேசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவிய நாள்தொட்டு இவ்வோடு ஒரே வடிவில் நாடெங்கும் பரவியுள்ளதால், உடையாமல் இறக்கிய ஓட்டுக்குப் பிற கட்டடங்களில் தேவை இருந்துகொண்டே இருக்கின்றது. மூன்றில் இரண்டு பங்கு ஓடுகளை முழுமையாக இறக்க முடிந்தால், இடிபாடாக எஞ்சுவது 650 ஓடுகள் அளவே; அதாவது 1.6 டன். டிரெய்லர் ஒன்று ஒரே நடையில் கொண்டு சென்றுவிடும். கூரையிலிருந்து ஓட்டை வீசுவதால் மிச்சமாகும் கூலியை, வண்டி வாடகையும் இழந்த ஓட்டின் விலையும் விழுங்கிவிடும் என்பதை ஒப்பந்ததாரரிடம் முன்னரே பேசிக்கொள்வது நலம்.

இனி, அதே 112 சதுர மீட்டர் மொட்டைமாடித் தளம் எனக் கொள்வோம். கான்கிரீட் பலகத்தின்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த தளமும், அதன்மேல் தட்டோடும் பதித்திருப்பர். நாள்பட்டு வெடித்து நீர் கசிவதால் இம்மேற்பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்கவேண்டியுள்ளது. சராசரித் தடிப்பு 12 செ.மீ. எனில், இருந்த நிலையில் பருமன் 13.44 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் வீதம் எடை 24.2 டன். ஓட்டுக்கூரையின் ஐந்து மடங்கு! கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு ஓட்டுக்கூரையே பெரிதாகத் தெரியும். கண் இங்கு நல்ல அளவுகோலன்று.

தடிப்பை ஓரத்தில் மட்டும் அளந்து நம்பிவிடலாகாது. நீர்வடிய வாட்டம் கொடுத்திருப்பதால் நடுவில் தடிப்பு மிகுந்தும் வடிகுழாயருகே குறைந்தும் இருக்கும். முன்னொரு காலத்தில் கசிவை அடைக்கப் பழைய தளத்தின்மேலேயே மற்றொரு தளம் போட்டிருப்பதும் உண்டு. அமெரிக்கக் கூரையின் இரட்டை அடுக்கைப் போன்றதே இதுவும். மூன்று இடங்களில் சிறு குழி கொத்திப் பார்த்துச் சராசரி எடுப்பது அரைமணி நேர வேலை.

துத்தநாகத் தகரக் கூரையின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ. பழைய இரும்புக்கு வாங்குவோர் தாமே வந்து எடுத்துச் செல்வர் என்பதால் அதைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. கீற்றும் வைக்கோலும் எடையற்றவை, மண்ணோடு மக்குபவை. இமாசலத்தின் காங்க்ரா பகுதியில் பலகைக்கல் வேய்ந்த கூரைகள் உள்ளன. கல்லின் எடை கன மீட்டருக்கு 2.7 டன்னை ஒட்டியது. அங்கே வண்டி செல்லாத மலைப்பாதைகளில் கோவேறு கழுதையே கலமாகும். ஆகவே, எத்தனை வண்டி என்பதற்குப் பதிலாக எத்தனை நாள் என்பதே கணக்காகின்றது.

உடைந்தபின் பெருகும் பருமன்

இருந்த நிலையில் 13.44 கன மீட்டராக இருந்த தளம், கொத்திய பின் அதே அளவாக இராது. கட்டிகளிடையே காற்றிடைவெளி புகுவதால் பருமன் பெருகுகின்றது. செங்கல் சல்லித் தளத்துக்கு இப்பெருக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எனக் கொள்ளலாம். எனவே ஏற்றவேண்டிய பருமன் 20.2 கன மீட்டர். எடை மாறவில்லை, ஆகவே தளர்ந்த நிலையில் கன மீட்டருக்கு 1.2 டன் என்றாகின்றது.

இவ்வெண்ணை நூலிலிருந்து எடுப்பதைவிட அந்தந்த இடத்திலேயே கண்டறிவது மேல். பத்து லிட்டர் வாளியொன்றை இடிபாட்டால் தலைதட்டி நிரப்பி எடை காண்க; வாளியின் எடையைக் கழிக்க. எஞ்சியது 12 கிலோ எனில், கன மீட்டருக்கு 1.2 டன். (பத்து லிட்டருக்குக் கிலோ எத்தனையோ, அதில் பத்தில் ஒரு பங்கே கன மீட்டருக்கு டன்.) குவியலின் வெவ்வேறு பக்கங்களிலிருந்து ஐந்து வாளிகளை நிறுத்துச் சராசரி காண்பது போதுமானது.

ஆசிரியர்கள் இதனை ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு செய்முறையாகவே அமைக்கலாம். அதற்குக் கல்நார் கலவாத, ஆணியற்ற ஓட்டுத்துண்டுகளை மட்டுமே கொள்க. துண்டுகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மேல்நீரை வடித்து, பத்து லிட்டர் வாளியில் நிரப்புக. பின்னர் அளவுக் குவளையால் விளிம்பு வரையில் நீர் ஊற்றுக. ஏற்ற நீரின் அளவே இடைவெளியின் அளவு. மூன்று லிட்டருக்குச் சற்று மேல் நீர் கொண்டால், வாளியில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம், இரண்டு பங்கே பொருள். ஆகவே பெருக்கம் ஒன்றரை மடங்கு என்பது மாணவர்க்குத் தாமே விளங்கும். ஊறவைக்காமல் ஊற்றினால் ஓடு நீரை உறிஞ்சிக்கொள்ள, விடை பிழைபடும். ஏன் பிழைபட்டது என்று மாணவரையே வினவுவதும் பயனுடைய பாடமாகும்.

இந்த உறிஞ்சும் இயல்பு வாடகைக் கணக்கிலும் குறுக்கிடுகின்றது. சுட்ட மண்ணும் சுண்ணாம்புக் காரையும் தம் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நீரை ஏற்க வல்லவை. 24.2 டன் குவியல் ஒருநாள் மழையில் நனைந்தால் ஏறத்தாழ இரண்டரை டன் நீரையும் சேர்த்துச் சுமக்கவேண்டியதாகும். பருமனோ சிறிதும் மாறாது. பார்வைக்கும் வேறுபாடு தெரியாது. எனவே குவியலைத் தார்ப்பாயால் மூடி வைத்தலும், கொத்திய நாளிலேயே ஏற்றிவிடுதலும் சிக்கனமேயாகும்.

கலத்தைத் தெரிதல்

கணக்கு முடிந்தது: 24.2 டன், 20.2 கன மீட்டர். இனிக் கிடைக்கும் வண்டிகளைப் பார்ப்போம்.

மணலும் சல்லியும் விற்போர் நூறு கன அடியைத் தமிழ்நாட்டில் "யூனிட்" என்பர். மகாராட்டிரத்தில் அதற்கே "பிராஸ்" என்று பெயர். இது 2.83 கன மீட்டர். டிராக்டர் டிரெய்லர் ஏறக்குறைய இவ்வளவே கொள்ளும். 3 கன மீட்டர் கொள்ளும் டிரெய்லரில் நம் இடிபாடு 3.6 டன்; ஏழு நடைகள் வேண்டும். குறுகிய தெருவுக்கும் மண்சாலைக்கும் இது உகந்தது. ஆனால் டிரெய்லருக்குரிய சுமை வரம்பைக் கேட்டறிக. சரிவான சாலையில் சுமை டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும் என்பதையும் கருதவேண்டும்.

இரண்டு அச்சு கொண்ட டிப்பர் லாரியை எடுத்துக்கொள்வோம். முன்புறம் இரண்டும் பின்புறம் நான்குமாக ஆறு சக்கரங்கள் உடைய இவ்வகை வண்டியின் மொத்த எடை வரம்பை, மைய அரசு 2018ஆம் ஆண்டில் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. குறிப்பிட்ட வண்டிக்கு அதன் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணே முடிவானது. மொத்த எடை 18.5 டன், வண்டியின் தன் எடை 7 டன் எனில், ஏற்றத்தக்கது 11.5 டன். இதனை 1.2ஆல் வகுக்க, ஏற்றத்தக்க பருமன் 9.6 கன மீட்டர். வண்டியின் பெட்டியோ 14 கன மீட்டர் கொள்வதாக இருக்கலாம். விளிம்பு வரையில் நிரப்பினால் 16.8 டன், வரம்புக்கு மேல் ஐந்து டன்னுக்கு அதிகம். 2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டமாக வகுத்தது. மிகைச் சுமையை இறக்கும்வரை வண்டி நகரலாகாது என்றும் விதித்தது. ஓட்டியவர் மட்டுமன்றி, அவ்வாறு ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் அச்சட்டப் பிரிவின் பொறுப்புக்கு உள்ளாகக் கூடும். "இன்னும் நாலு சட்டி போடுங்கள், ஒரே நடையில் முடிந்துவிடும்" என்று மேற்பார்வையாளர் சொல்வது ஒரு சிறு சலுகையாகத் தோன்றலாம். வளைவிலும் இறக்கத்திலும் பிரேக்கு பிடிக்காத வண்டிக்கு எதிரே வருபவருக்கு அது சலுகையன்று.

இதற்கு எளிய தடுப்பு ஒன்று உண்டு. பெட்டியின் அடித்தளம் 5 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும் எனில் பரப்பு 11.5 சதுர மீட்டர். 24.2 டன்னை மூன்று நடைகளாகச் சமமாகப் பகிர்ந்தால், நடைக்கு 8 டன்னுக்குச் சற்று மேல், பருமன் 6.9 கன மீட்டருக்குள். உயரம் 60 செ.மீ. பெட்டியின் உட்புறத்தில் 60 செ.மீ. உயரத்தில் நாற்புறமும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்துவிட்டால், ஏற்றும் தொழிலாளர் எவரையும் கேட்கவேண்டியதில்லை. இரண்டு நடையில் முடிக்க முயன்றால் நடைக்கு 12.1 டன்; வரம்பு மீறப்படுகின்றது. ஆகவே மூன்று நடை என்பதே இக்கட்டடத்துக்குரிய விடை.

நகராட்சிகள் பயன்படுத்தும், வண்டியின் இரு கைகள் தூக்கிச் செல்லும் தொட்டிகளைச் சில ஊர்களில் கட்டணத்துக்கு அளிக்கின்றனர். இவை 3 அல்லது 4.5 கன மீட்டர் கொள்ளளவு உடையவை. பிரித்து வைத்துவிட்டு வண்டி போய்விடுவதால் காத்திருப்புக் கூலி இல்லை. நான்கு நாள் வேலைக்கு இதுவே வசதியானது என்பது என் கருத்து. ஆயினும் இவை வீட்டுக்குப்பையைக் கருதி அமைந்தவை. அத்தகைய குப்பை கன மீட்டருக்கு அரை டன் அளவே இருக்கும், 4.5 கன மீட்டர் தொட்டியில் இரண்டேகால் டன். நம் இடிபாட்டை நிரப்பினாலோ 5.4 டன். தூக்கும் கைகளின் வல்லமையைக் கேட்டறியாமல் நிரப்பிவிட்டால், நிரம்பிய தொட்டியை மீண்டும் சட்டியால் அள்ளி இறக்கும் நிலை நேரும்.

வாடகை பேசும்போது நடைக்கா, யூனிட்டுக்கா, எடைக்கா என்பதைத் தெளிவாக்கிக்கொள்க. நடைக்கு என்றால் வண்டிக்காரர் நடையைக் குறைக்கவும், ஏற்றுக்கூலியாளர் சுமையைக் குறைக்கவும் விரும்புவர். இரண்டுக்கும் இடையே கோடு இழுப்பது நம் பொறுப்பு. ஏற்றுக்கூலி, காத்திருப்பு, கொட்டுமிடக் கட்டணம் ஆகியவை வாடகையில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுக. முதல் நடையை எடைமேடையில் நிறுத்துச் சீட்டுப் பெற்றால் நம் கணக்கு சரியா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிழையெனில் கோட்டை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யலாம்.

கல்நார்த் தகடு

மேற்சொன்ன கணக்கெல்லாம் கல்நார்ச் சிமெண்டுத் தகட்டுக்குப் பொருந்தாது. அதன் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ. நம் கட்டடத்தின் கூரை முழுவதும் 2 டன்னுக்குள் அடங்கிவிடும். எடையும் பருமனும் இங்கே சிக்கலல்ல. தகட்டை உடைத்தாலோ, அறுத்தாலோ, துளையிட்டாலோ கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிழைகள் காற்றில் பரவுகின்றன. அவற்றைச் சுவாசிப்பதால் நுரையீரல் தடிப்பும், நுரையீரற் புற்றும், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வின் புற்றும் உண்டாகின்றன. நோய் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்று விளைவிப்பதே எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு முப்பது ஆண்டு என்பது இளமையின் முடிவு அன்றி வாழ்வின் முடிவன்று. ஆகையால்தான் பள்ளிக் கூரையில் இக்கவனம் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

விடுமுறையில் மட்டுமே இவ்வேலையைத் தொடங்குக. தகட்டை நீரால் நனைத்து, கொக்கி ஆணிகளைக் கழற்றி, முழுத்தகடாகவே கீழே இறக்குக. மேலிருந்து எறிதல் அறவே கூடாது. நாட்பட்ட தகடு ஆளின் எடையைத் தாங்காது ஒடியும் என்பதால், அதன்மேல் நேரே கால் வையாமல் ஏறுபலகையிட்டு நடக்கவேண்டும். இத்தகடு ஒடிந்து விழுந்து மாண்டோர் பலர். இங்குக் கலத்தைத் தெரிவு செய்வது கொள்ளளவு அன்று, நீளமே. மூன்று மீட்டர்த் தகட்டை மடக்கவோ உடைக்கவோ இயலாது. எனவே பெட்டி அதனினும் நீளமாக, தகடு படுக்கையாகக் கிடக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். குறுகிய டிரெய்லரில் அடங்கவில்லை என்று நடுவில் உடைத்து ஏற்றுவதே மிகவும் கேடான வழி. தடித்த பாலிதீன் தாளால் சுற்றிக் கட்டி, வேறு இடிபாட்டோடு கலவாமல் தனியே அனுப்புக. எங்கு அனுப்பவேண்டும் என்பதை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பெறுக. பழைய தகட்டைக் கோழிக்கூண்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் இலவசமாகக் கொடுத்துவிடும் வழக்கம் நோயை இடம் மாற்றுவதேயன்றி வேறன்று.

கொட்டும் இடமும் நிறுத்தும் இடமும்

கட்டட இடிபாட்டைக் குறித்துத் தனி விதிகளை மைய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 மார்ச்சு மாதத்தில் வெளியிட்டது. ஒரு நாளில் 20 டன்னுக்கோ, ஒரு பணியில் மாதத்துக்கு 300 டன்னுக்கோ மேல் உண்டாக்குவோர் இடிபாட்டை வகை பிரித்து வைக்கவேண்டும் என்று அவ்விதிகள் வகுத்தன. நம் எடுத்துக்காட்டுத் தளத்தை ஒரே நாளில் பெயர்த்தால் அதுவே அந்த 20 டன்னைத் தாண்டிவிடும் என்பது, சிறு பணி என்று நாம் கருதுவதன் உண்மை அளவைக் காட்டும். 2025இல் அறிவிக்கப்பெற்ற புதிய விதிகள் 2026 ஏப்ரல் முதல் நாளைத் தொடக்க நாளாகக் குறித்தன. சிறு பணிகளின் இடிபாட்டை எங்குச் சேர்ப்பது என்பதை உள்ளாட்சி அமைப்பே கூறவல்லது. அதைக் கேட்டறிந்த பின்னரே வாடகை பேசவேண்டும். ஏனெனில் கொட்டுமிடம் மூன்று கிலோ மீட்டரா, முப்பது கிலோ மீட்டரா என்பதைப் பொறுத்தே சிறு வண்டி மலிவா, பெரு வண்டி மலிவா என்பது மாறும்.

யமுனைக் கரையில் இடிபாடு கொட்டுவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடுத்தது அனைவரும் அறிந்தது. ஆற்றுக்குச் சொன்னது ஏரிக்கும் குளத்துக்கும் பொருந்தும். டில்லியில் புராரியில் 2009 முதல் இடிபாட்டை நொறுக்கி மறுபொருளாக்கும் ஆலை இயங்கியது. பிற பெருநகரங்களும் அதனைப் பின்பற்றின. 383ஆம் எண்ணுள்ள இந்தியத் தரநிர்ணயம் 2016இல் திருத்தப்பெற்றபொழுது, நொறுக்கிய பழைய கான்கிரீட்டைக் கம்பியற்ற கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையில் சேர்க்க இடமளித்தது. ஆனால் மண்ணும் மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த குவியலை எந்த ஆலையும் விரும்பாது. ஆதலின் ஏற்றும்போதே பிரிக்கவேண்டும். கொட்டியபின் பிரிப்பது ஆகாத காரியம்.

நிறுத்துமிடத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். நிரம்பிய லாரி நிற்குமிடத்தில் கழிவுநீர்த் தொட்டியின் மூடியோ நிலத்தடி நீர்த்தொட்டியோ இருத்தலாகாது. தொட்டியைத் தரையில் வைத்தால் அதன் கால்களின்கீழ் தடித்த பலகைகளை இடுக.

வண்டி வரத் தாமதமாயின் இடிபாட்டை மாடியிலேயே குவித்துவைக்கும் வழக்கம் பேரிடருக்கு வழிகோலும். தளமாகப் பரவியிருந்த காலத்தில் அது பலகத்தின்மேல் சதுர மீட்டருக்கு 216 கிலோ சுமையாக இருந்தது. அதையே பெயர்த்து அரை மீட்டர் உயரத்துக்கு ஒருபுறம் குவித்தால் 600 கிலோ. ஒரு மீட்டருக்குக் குவித்தால் 1,200 கிலோ. ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிர்ணயம் கொள்ளும் மிகைச் சுமையோ சதுர மீட்டருக்கு 150 கிலோ மட்டுமே. கசிவால் உள்கம்பி துருவேறிய பழைய பலகத்தைப் பற்றி இதனினும் ஐயம் கொள்ளவேண்டும். ஆகவே, வண்டி வாசலில் வந்து நின்ற பின்னரே அன்றன்றைய கொத்துவேலை தொடங்கட்டும். கொத்தியதைச் சரிவுக்குழாய் வழியாக உடனுக்குடன் இறக்கட்டும். வேலை நடக்கும் நாள்களில் கீழ் அறைகளில் எவரும் இருத்தலாகாது.

கடைசி நடை சென்றபின் முற்றத்தைத் துடைப்பத்தால் பெருக்குவதோடு நில்லாமல், கயிற்றில் கட்டிய ஒரு வலிய காந்தத்தைத் தரைமீது குறுக்கும் நெடுக்குமாக இழுத்துச் செல்க. பழைய ஒலிபெருக்கியில் உள்ள காந்தமே இதற்குப் போதும். ரீப்பரிலிருந்து உதிர்ந்த ஆணிகளும் ஓட்டுக்கம்பித் துண்டுகளும் மண்ணுக்குள்ளிருந்து அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புவதற்கு முன் இதனை இருமுறை செய்க. ஒரு மழை பெய்து மண் கரைந்தபின் மூன்றாம் முறையும் செய்க.